இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

ஜெகதீஸ்வரி எழுதிய புரோகிராமில் ஒரே ஒரு குறைதான் உண்டு. அது கெட்டுப்போவதே இல்லை.

இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பவர்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்களாக இருக்க முடியாது. அடிக்கடி கெட்டுப்போகிற புரோகிராமை எழுதினவனுக்கு நாளைக்குப் பத்து போன் வரும். திட்டுவார்கள், கெஞ்சுவார்கள், நடுவில் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பார்கள். ஒழுங்காக ஓடும் புரோகிராமை எழுதினவளை யார் தேடப் போகிறார்கள்? மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அதைச் செய்தவன் பேரை யாரும் விசாரிப்பதில்லை.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். வேலை ஒரு சரக்குக் கம்பெனியில். முன்பெல்லாம் பீச் ஸ்ட்ரீட்டில் அதற்கு ஓர் ஆபீஸ் இருந்தது. ஆறு பேர், ஒரு காப்பி மெஷின், எப்போதும் ஒழுகும் ஒரு ஏர்கோன். பெருந்தொற்றுக்குப் பிறகு ஆபீஸை மூடிவிட்டார்கள். நாலு பேர் கோலாலம்பூருக்குப் போனார்கள், ஒருவர் வேலையை விட்டார், ஜெகதீஸ்வரி மட்டும் வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்போது அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். இரண்டு வருடத்தில் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகாவது கோலாலம்பூர் வருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை. தம்பி ஷர்வின் மெல்பர்னில் இருக்கிறான். தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் தவறாமல் கூப்பிடுவான். வருடத்தில் மீதி முந்நூற்று அறுபத்து மூன்று நாள் இருக்கிறதே என்று அவனிடம் சொல்ல முடியுமா.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தின் சிஸ்டம் ஒரு பாஷை பேசும். சுங்கத்துறையின் சிஸ்டம் வேறு பாஷை. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் கம்பெனியின் கிடங்கில் இருக்கும் சிஸ்டத்துக்கு அந்த இரண்டுமே புரியாது. நடுவில் உட்கார்ந்து, அங்கே வந்ததை வாங்கி இங்கே புரியும்படி மாற்றிக் கொடுப்பதுதான் அவளுடைய புரோகிராம். அது கொடுத்தால்தான் கிடங்கிலிருக்கும் பிரிண்டரில் சீட்டு விழும்: இந்த கண்டெய்னரை இறக்கு, அதை ஏற்று, இந்தக் குளிர்பெட்டியைக் கரண்டில் மாட்டு.

இந்த மாதிரி வேலைக்கென்றே ஃபிரேம்வொர்க் என்று ஓர் ஆயத்தச் சட்டகம் உண்டு. அதை இரண்டு விதமாகக் கட்டலாம். கோலாலம்பூர் பிள்ளைகள் கட்டுவது ஒரு விதம். எனக்கு இது வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதி வைத்தால் போதும், அதுவே தேடி எடுத்து வந்து கையில் வைத்துவிடும். எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று கேட்க வேண்டியதில்லை. ஜெகதீஸ்வரி கட்டியது மற்ற விதம். ஒரே கோப்பு. அதில் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றையும் கையாலேயே உண்டாக்கி, பேர் வைத்து, யாருக்கு எது தேவையோ அதை அவரவரிடம் ஒப்படைத்து, கடைசி வரியில் ஆரம்பி என்று சொல்ல வேண்டும். இந்த முறையில் நாம் கொடுக்காததை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

“அக்கா, இன்னும் கையாலயே வயர் இழுக்கிறீங்களா?” என்று தனேஷ் கிண்டல் செய்வான். தனேஷ் கோலாலம்பூரில் இருக்கும் அவளுடைய மேலாளர். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

“எது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியணும்லா தம்பி,” என்பாள்.

அது பொய்யில்லை. அந்தக் கோப்பின் முந்நூற்றெண்பது வரிகளில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அம்மா இருந்த அறையில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று இப்போது கேட்டால் சொல்ல மாட்டாள்.

மார்ச் மாதம் கிடங்கு சிஸ்டத்தில் பாதுகாப்பைக் கூட்டினார்கள். இனி உள்ளே செய்தி அனுப்ப டோக்கன் என்று ஓர் அனுமதிக் குறியீடு வேண்டும், அது ஏழே நாளைக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதுப்பிப்பதற்கென்று தனியாக ஒரு பகுதி எழுதினாள். சோதித்துப் பார்த்தாள், பழுதில்லாமல் வேலை செய்தது. தன் கோப்பில் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் அதை உண்டாக்கிப் பேரும் வைத்தாள். அடுத்த வரியில் அதை, கிடங்குக்குச் செய்தி கொண்டுபோகும் தடத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்து, நாற்காலியில் போட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, புதுப் பதிப்பை அனுப்பிவிட்டாள். அன்று வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது.

உண்டாக்கியதை ஒப்படைக்கவில்லை. கோலாலம்பூர்ப் பிள்ளைகளின் ஏற்பாடாக இருந்தால் அது தானாகவே உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இவளுடையதில் யாரும் கேட்கவில்லை. ஒரு பொருளை உண்டாக்கி யாரிடமும் கொடுக்காமல் நிறுத்தி வைத்தால் அதைத் தப்பென்று எந்தக் கணினியும் சொல்வதில்லை.

சரியாக ஏழாம் நாள் டோக்கன் காலாவதியானது. கிடங்குக்குப் போகும் தடம் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து ஜெகதீஸ்வரியின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“மேடம், வணக்கம். பட்டர்வொர்த் யார்டுலேருந்து அஜீஸ் பேசுறேன், சூப்பர்வைசர். பாஸ் எந்திரிச்சிட்டாரு, அதான் கூப்பிட்டேன்.”

“எந்த பாஸ்?”

“பூனை மேடம்.”

அப்துல் அஜீஸுக்கு ஐம்பத்தைந்து வயது. அந்தக் கிடங்கில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். அவர் பெயரை மின்னஞ்சல்களில் பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். சீட்டு அடிக்கும் பிரிண்டர் ஓயாமல் ஓடுவதால் மேல்பக்கம் கதகதப்பாக இருக்கும். எங்கிருந்தோ வந்த ஒரு பூனை அதன்மேல்தான் தூங்கும். அதற்கு பாஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே வேலை செய்யாமல் இருக்கும் ஒரே ஆள் அவர்தான். பிரிண்டர் நின்று சூடு ஆறினால் பாஸ் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். உடனே தெரிந்துவிடும்.

ஜெகதீஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். மேடம் எந்த ஏரியா, டத்தோ கிராமாட்டா, அங்கே எனக்கு ஒரு மாமா இருந்தார், இப்போது இல்லை. சாப்பிட்டாச்சா. இவள் பதில் சொல்லிக்கொண்டே கோப்பைப் பார்த்தாள். பத்தே நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது, செய்து வைத்தபடியே.

“என்னா மேடம், கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“பார்த்துக்கிட்டே இருக்கேன்ண்ணே,” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். அப்படிச் செய்தால் புது டோக்கன் ஒன்று வந்துவிடும், ஏழு நாளைக்கு. மறுமுனையில் பிரிண்டர் கரகரவென்று சீட்டுகளைத் துப்பியது. “வந்துருச்சு, வந்துருச்சு, பாஸ் மறுபடி ஏறிட்டாரு,” என்றார் அஜீஸ்.

போனை வைத்த பிறகு அந்த ஒரு வரியை எழுத அரை நிமிடம்கூட ஆகாது. வெள்ளிக்கிழமை எதையும் மாற்றக்கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். சனி ஞாயிறில் வம்பு வந்தால் யார் பார்ப்பது. ஆகையால் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். போன வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பையே அனுப்பினவளுக்கு இந்த வெள்ளிக்கிழமை திடீரென்று வழக்கம் ஞாபகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை வேறு வேலை இருந்தது. புதன்கிழமை கோப்பைத் திறந்து அந்த இடத்தில் கர்சரை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணி சுமாருக்கு போன் வந்தது. “பாஸ் எந்திரிச்சிட்டாரு மேடம்.”

அதை அவள் வேண்டுமென்றே செய்தாளா? வேண்டுமென்று செய்யவில்லை என்று மூன்று வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்காவது வாரம் அப்படிச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் குளித்தாள். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேடம் என்று கூப்பிட்டவர் ஐந்தாம் வாரம் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் மனைவி ரொஸ்னாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியவில்லை. மகன் அஸ்ஹர் கார் வாங்கிவிட்டு அதைத் துடைப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதில்லை. போன வாரம் பாஸ் ஓர் எலியைப் பிடித்துக் கொண்டுவந்து மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டது. இவளும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். லிப்ட் மூன்று நாளாக ஓடவில்லை. சொல்லச் சொல்ல, சொல்வதற்கு இவ்வளவு இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏழு நாளில் பார்த்ததையெல்லாம் வெள்ளிக்கிழமைக்கென்று சேர்த்து வைத்தாள்.

திரும்ப ஓடவிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அவள் பேச்சு முடிந்து, “சரி சிஸ்டர், பாத்துப் போடுங்க,” என்று அவர் சொன்ன பிறகுதான் அழுத்துவாள். அதுவரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பாள்.

“அண்ணே, இதுக்கு டிக்கெட் போட்டீங்களா?” என்று ஒரு தடவை கேட்டாள். கோளாறு எதுவானாலும் கோலாலம்பூருக்குக் கணினியில் ஒரு புகார் போட வேண்டும் என்பது விதி. அதற்குத்தான் டிக்கெட் என்று பேர்.

“அதெல்லாம் எதுக்கு சிஸ்டர். ஒங்களுக்குப் போன் பண்ணா வேலை முடிஞ்சிருதுலா.”

அதைக் கேட்டு அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. ஏன் போடவில்லை என்று அவள் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். டோக்கன் சரியாக ஏழு நாள்தான் செல்லும். பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்து ஏழு நாள். ஆகவே இந்த வெள்ளிக்கிழமை அரட்டை எத்தனை மணிக்கு முடிந்ததோ, அடுத்த வெள்ளிக்கிழமை அத்தனை மணிக்குத்தான் தடம் நிற்கும். ஒவ்வொரு வாரமும் அவர்கள் பேசிய நேரமளவுக்கு அது தள்ளிப் போனது. பத்து மணியில் ஆரம்பித்தது பத்தே காலுக்குப் போனது, பதினொன்றுக்குப் போனது, பிறகு பன்னிரண்டைத் தாண்டியது. இந்தக் கணக்கு மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினோராவது வெள்ளிக்கிழமை போன் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

“சிஸ்டர், ஒரு நாளைக்கு பெர்ரி ஏறி வாங்களேன். இருவது நிமிஷந்தானே. பாஸையும் பார்த்த மாதிரி இருக்கும். ரொஸ்னா ஒங்களப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கா.” பிறகு அவரே, “சரி, நான் ஜும்ஆவுக்குக் கெளம்பணும், நேரமாச்சு,” என்றார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் 12:58 என்று இருந்தது. அதைப் பார்த்தாள். அடுத்த வாரம் இந்நேரம் அவர் பள்ளிவாசலில் இருப்பார் என்பது ஒரு நொடி மனசில் ஓடியது. பெர்ரி, பூனை, ரொஸ்னா என்று அப்போது மனசு வேறெங்கோ இருந்தது.

வியாழக்கிழமை பஸ் ஏறி ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போய் நெத்திலி வாங்கினாள். நல்ல பெரிய நெத்திலி, தலை கிள்ளியது. யாருக்கென்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டர்வொர்த்தில் ஒரு பூனைக்கு என்று சொல்லியிருப்பாள். அடுத்த சனிக்கிழமை வரேண்ணே என்று நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மணி 12:58க்குத் தடம் நின்றது. திரையில் ஒரு வரி சிவப்பானது. போகாமல் நிற்கும் செய்திகளின் எண்ணிக்கை பக்கத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று. ஏழு. பதினொன்று. கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான் இருந்தது. இப்போது அழுத்திவிட்டால் அவர் தொழுகை முடிந்து வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், பாஸ் தூங்கிக்கொண்டிருக்கும், அவர் கூப்பிட மாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு மேல் வந்துவிடுவார். ஒரு மணி நேரம் சீட்டு விழாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

இரண்டு முப்பத்தொன்றுக்கு போன் அடித்தது.

“சிஸ்டர், சீக்கிரம் போடுங்க. சீக்கிரம்.” வேறு குரல் மாதிரி இருந்தது. இவள் உடனே அழுத்தினாள். அவர் பாஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். நெத்திலிப் பொட்டலம் மேசைமேலேயே இருந்தது.

என்ன நடந்தது என்பதை செவ்வாய்க்கிழமை வீடியோ கூட்டத்தில் தனேஷ் சொன்னான். நின்றுபோன செய்திகளில் நாலாவது, ஒரு குளிர்பெட்டி கண்டெய்னருக்கானது. உள்ளே இன்சுலின். ஒன்று பத்துக்கு லாரி வந்து அதை இறக்கிவிட்டுப் போய்விட்டது. கரண்டில் மாட்டு என்ற சீட்டு விழவில்லை. கவுண்டரில் இருந்தவருக்குச் சீட்டு வராவிட்டால் வேலை இல்லை என்று அர்த்தம். அது ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றது. உள்ளே இருந்த வெப்பமானி எட்டு டிகிரியைத் தாண்டிவிட்டது, அதற்குமேல் போனால் அந்த மருந்து உதவாது. மருந்தை வாங்க வேண்டியவர்கள் முழுவதையும் திருப்பிவிட்டார்கள். நல்லவேளை, மறுநாளே வேறு சரக்கு விமானத்தில் வந்துவிட்டது, யாருக்கும் மருந்து இல்லாமல் போகவில்லை.

“லாக் பதிவ எடுத்துப் பார்த்தோங்க்கா. பன்னெண்டு வெள்ளிக்கிழமையா நின்னிருக்கு. ஒரு டிக்கெட்கூட இல்ல. அந்த அஜீஸ் மறைச்சிருக்காரு. அவருக்குக் காரணம் கேட்டு லெட்டர் குடுத்தாச்சு.”

“அவரு என்னா சொன்னாரு?” என்றாள்.

“அத ஏன் கேக்குறீங்க. ஒங்க புரோகிராம டிசம்பர்ல எடுத்துட்டுப் புதுசு போடப் போறோம்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. டிக்கெட் சேந்தா ஒங்கள ஒடனே தூக்கிருவோம்னு நெனச்சாராம். அந்தம்மா தனியா இருக்காங்க, வேல போயிரக் கூடாதுன்னுதான் போன்லயே முடிச்சேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நல்லவர்தான். ஆனா ரூல்ஸ் இருக்குலா. நீங்க ஒரு ரிப்போர்ட் மட்டும் போட்டுருங்க. காரணம் தெரியல, எப்பவாச்சும் வர்ற கோளாறுன்னு போட்டா போதும். எப்படியும் டிசம்பர்ல போவப் போற புரோகிராம்தானே.”

கூட்டம் முடிந்து திரை அணைந்த பிறகும் ஜெகதீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது தன்னைக் கூப்பிட மாட்டார்களா என்று அவள் ஒரு வரியை எழுதாமல் விட்டாள். அந்த ஒரு வரிக்காக ஒருவர் தன் இருபத்தாறு வருடத்தை முன்னால் நிறுத்தி அவளை மறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாரா வாரம் பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் தெரியவில்லை என்று எழுதினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. புதன்கிழமை முழுக்க அப்படி ஓர் அறிக்கையை எழுதி வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருந்தாள். இரண்டு பத்தி, நல்ல ஆங்கிலம், ஒரு பொய்கூட அப்பட்டமாக இல்லை. அஸ்ஹர் தன் காரைத் துடைத்துக்கொண்டே அப்பாவின் லெட்டரைப் பற்றி அம்மாவிடம் என்ன கேட்டிருப்பான் என்று நினைத்தாள். தான் பார்த்தேயிராத ஒரு வீட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோமே என்று அழுகை வந்தது. அழுதாள்.

வியாழக்கிழமை காலை கோப்பைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள். உண்டாக்கி வைத்ததை உரியவரிடம் ஒப்படைத்தாள். சோதித்தாள், ஓடவிட்டாள். பிறகு அந்த ஆங்கில அறிக்கையை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள். முதல் வெள்ளிக்கிழமையே எனக்குக் காரணம் தெரியும், சரிசெய்யவில்லை, கடைசி வெள்ளிக்கிழமை நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், திரு. அப்துல் அஜீஸுக்கு இதில் எதுவும் தெரியாது. ஏன் சரிசெய்யவில்லை என்பதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அதை அனுப்பிவிட்டு போனை எடுத்தாள். பன்னிரண்டு வாரத்தில் அவளாக அவரைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

“சொல்லுங்க சிஸ்டர். இன்னிக்கு வெயாழக்கெழமையாச்சே.”

சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் முடியாது என்று தெரிந்தது. மறுமுனையில் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் பீப் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

“ஒரே ஒரு வரிதானா?”

“ஆமாண்ணே.”

“எழுதிருக்கலாமே. ஏன் எழுதல?”

“எழுதிட்டா நீங்க போன் பண்ண மாட்டீங்கன்னு.”

அவர் மெதுவாகச் சொன்னார். “வீட்ல ரொஸ்னாகிட்ட சொல்லுவேன் சிஸ்டர். பாவம் அந்தப் பொம்பள, தனியா ஒக்காந்து அதோட போராடிக்கிட்டு இருக்குன்னு. துவா பண்ணும்போதுகூட ஒங்க பேரச் சொல்லுவா.” நிறுத்தினார். “இருவத்தாறு வருஷத்துல இதான் எனக்கு மொத லெட்டர்.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“லாரி வந்துருச்சு. வைக்கிறேன்.”

கோபமாகக்கூடப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அஜீஸுக்குக் கொடுத்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனி டிக்கெட் போடாமல் இருக்காதீர்கள் என்று வாய்மொழியாக ஒரு வார்த்தை சொன்னார்கள். ஜெகதீஸ்வரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டிசம்பருக்குப் பிறகு அவளுக்கு என்ன வேலை என்று பேசிப் பார்க்கிறேன் என்றான் தனேஷ். அவன் இப்போது கிண்டல் செய்வதில்லை. அக்கா என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்குகிறான்.

அடுத்த புதன்கிழமை டோக்கன் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை எதுவும் நிற்கவில்லை. அவள் பழக்கத்தில் சீக்கிரம் குளித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது, இரண்டரை ஆனது. திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. தேநீர் ஆறி ஆடை கட்டியது. நன்றாக ஓடும் ஒரு புரோகிராமை எழுதினவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவளாகவே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை. வேலையாக இருந்திருக்கலாம். அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் பூராவும் இனிமேல் கூப்பிடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவரிடம் எதையும் கேட்க அவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்பதும் நியாயம்தான். ஆனால் அவள் கட்டிய முறையில் நாம் கொடுக்காததை யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். அது அவளுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் கூப்பிட்டாள். ஆறாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்.

“சொல்லுங்க.” சிஸ்டர் என்று சேர்க்கவில்லை. “நின்னுருச்சா?”

“இல்லண்ணே. ஓடுது.”

“ஆமா, இங்கயும் பாஸ் தூங்கிக்கிட்டுத்தான் இருக்காரு.” அவரே தொடர்ந்து, “அப்பறம் எதுக்குப் போன்?” என்றார்.

“சும்மாதாண்ணே,” என்றாள்.

மறுமுனையில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு சீட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அஜீஸ் போனை வைக்கவில்லை.